திரையில் கிடைக்கும் ஆங்கிலம்: தினம் ஐந்து சொற்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "இதில் என்னென்ன சாப்ட்வேர் போட வேண்டும்?" என்பதுதான். கேட்காமல் மனதிற்குள் வைத்துக் கொள்ளும் கேள்வி ஒன்றும் உண்டு. "திரையில் வரும் இந்த ஆங்கிலத்தை என்ன செய்வது?" திடீரென்று ஒரு கட்டம் தோன்றும். அதில் இரண்டு வரி ஆங்கிலம் இருக்கும். கீழே ஓகே, கேன்சல் என இரண்டு பட்டன்கள். என்ன என்று பார்க்காமலேயே ஓகேயில் கிளிக் செய்துவிட்டு, "ஏதோ கேட்டது, சரி என்று கொடுத்துவிட்டேன்" என்பவர்களை எல்லா வீடுகளிலும் பார்க்கலாம்.

விண்டோஸ் மெனுக்களைத் தமிழில் மாற்றிக் கொள்ளும் வசதி இருக்கிறது. தேவைப்படுவோர் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் வேலைக்கான மெயில், வங்கியின் நிபந்தனைகள், கல்லூரி விண்ணப்பம் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. எனவே வாங்கிய கம்ப்யூட்டரையே ஆங்கிலச் சொற்களைக் கற்றுத் தரும் வாத்தியாராக மாற்றிக் கொள்வது எப்படி என்று இங்கு பார்ப்போம். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. தினமும் பதினைந்து நிமிடங்கள் ஒதுக்கினால் போதும்.

ஜெராக்ஸ் கட்டும் 'ஏ' வரிசையும்

நான் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டுப் பொறியியல் கல்லூரிக்குச் சென்றவன். இறுதியாண்டில் எங்கள் ஹாஸ்டலில் ஒரு ஜெராக்ஸ் கட்டு அறைக்கு அறை சுற்றிக் கொண்டிருக்கும். அமெரிக்காவில் மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வுக்கென்று தொகுக்கப்பட்ட சொற்பட்டியல் அது. மூவாயிரத்திற்கும் மேற்பட்ட சொற்கள் அகர வரிசையில் இருக்கும். வளாகத் தேர்வுக்கு உதவும் என்று ஆளாளுக்கு மனப்பாடம் செய்தார்கள். விளைவு, 'அபேட்', 'அப்ஸ்காண்ட்' என்று 'ஏ'யில் தொடங்கும் சொற்கள் ஹாஸ்டல் முழுவதற்கும் தலைகீழ்ப் பாடம். 'பி'யைத் தாண்டியவர்கள் ஒன்றிரண்டு பேர். 'எம்' வரிசைப் பக்கங்கள் கைபடாமல் வெள்ளையாகவே இருந்தன.

இந்த முறையில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. ஒரே மாதிரித் தொடங்கும் சொற்கள் வரிசையாக வருவதால் ஒன்றின் பொருள் மற்றொன்றுடன் குழம்பிவிடும். அடுத்தது, கற்ற சொல்லை மறுபடி எங்கும் பார்க்க மாட்டோம். ஜி.ஆர்.இ. தேர்விலேயே 2011ஆம் ஆண்டு எதிர்ச்சொல் கேள்விகளை நீக்கிவிட்டு, வாக்கியத்தில் பொருந்தும் சொல்லைத் தேடும் கேள்விகளுக்கு முக்கியத்துவம் கொடுத்துவிட்டார்கள். நம் ஊரில் அந்தக் கட்டு மட்டும் சுற்றுவதை நிறுத்தவில்லை.

எந்தச் சொற்களை முதலில் கற்க வேண்டும் என்பதை முறையாக ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அன்றைய வங்காளத்தில், டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், 1953ல் ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்களைக் கொண்ட பட்டியலை வெளியிட்டார். 2013ல் அதைப் புதுப்பித்து 2,800 சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் வந்தது. பொதுவான ஆங்கில எழுத்தில் 90 சதவீதத்திற்கும் மேல் இந்தச் சொற்களே என்கிறார்கள் தொகுத்தவர்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த ஆவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் பாடநூல்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் அடிக்கடி வரும் சொற்களை மட்டும் தனியாகத் தொகுத்தார். அதில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. தினம் ஐந்து என்று வைத்துக் கொண்டால் 114 நாட்களில் முடிந்துவிடும். 'டேட்டா', 'பங்ஷன்', 'கிரியேட்', 'கான்ட்ராக்ட்' எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவைதான். பாதி உங்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கலாம்.

மீதமுள்ள பத்து சதவீதத்திற்குக் குறைவான சொற்களில்தான் நாம் தடுக்கி விழுகிறோம். அவை ஆளுக்கு ஆள் மாறும். அவற்றை உங்கள் கம்ப்யூட்டர் திரையிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு சொல்லின் விலை

திருநெல்வேலியில் செல்போன் கடை ஒன்றில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனுக்கு, நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லிச் சென்னை நிறுவனம் ஒன்றிலிருந்து மெயில் வந்தது. தேதி, நேரம், இடம் எல்லாம் தெளிவாக இருந்தன. தேதிக்கு முன்னால் இருந்த 'டென்டேட்டிவ்' என்ற சொல் மட்டும் அவனுக்குப் புரியவில்லை. ஒரு சொல்தானே என்று விட்டுவிட்டான். லீவு போட்டு, இரவு பஸ் பிடித்துச் சென்னை வந்து, காலை ஒன்பது மணிக்கு அந்த அலுவலக வாசலில் நின்றான். "இன்றைக்கு இன்டர்வியூ எதுவும் இல்லையே தம்பி" என்றார் காவலாளி. பிறகுதான் எனக்குப் போன் செய்து, "அண்ணே, டென்டேட்டிவ்னா என்னண்ணே?" என்று கேட்டான்.

உத்தேசமாகக் குறிக்கப்பட்டது, மாறக்கூடியது என்று பொருள். உறுதியான தேதி பின்னர் தெரிவிக்கப்படும் என்று மெயிலின் கடைசி வரியிலும் இருந்தது. பஸ் கட்டணமும் ஒரு நாள் சம்பளமும் போனது ஒருபுறம். சரியான தேதி வந்தபோது மறுபடி லீவு கொடுக்க முதலாளி யோசித்தார். கெஞ்சித்தான் வர வேண்டியிருந்தது.

ஜெராக்ஸ் கட்டில் இந்தச் சொல் 'டி' வரிசையில் எங்கோ கிடந்திருக்கும். அங்கே போய்ச் சேர ஆறு மாதம் ஆகும். அவனுடைய மெயிலில் இருந்ததோ அன்றைக்கே தேவைப்பட்டது.

சொற்களைப் பிடிப்பது எப்படி?

நோட்பேடில் ஒரு பைலைத் திறந்து, 'சொற்கள்' என்று பெயர் கொடுத்து டெஸ்க்டாப்பில் சேவ் செய்து கொள்ளுங்கள். புரியாத சொல் கண்ணில் பட்டால், அந்தச் சொல்லை மட்டும் எடுக்காமல் அது வந்த வாக்கியத்தை முழுதாகக் காப்பி செய்து இதில் பேஸ்ட் செய்திடவும்.

எரர் செய்தி தரும் சிறு கட்டங்களில் டெக்ஸ்டைத் தேர்ந்தெடுக்க முடியாதே என்று கேட்கலாம். விண்டோஸின் வழக்கமான செய்திக் கட்டம் திரையில் இருக்கும்போது கண்ட்ரோல் + சி அழுத்துங்கள். கட்டத்தில் உள்ள டெக்ஸ்ட் முழுவதும் காப்பி ஆகிவிடும். பல ஆண்டுகளாகக் கம்ப்யூட்டர் பயன்படுத்துவோரில் கூடப் பலர் அறியாத வசதி இது. எல்லா புரோகிராம்களின் கட்டங்களிலும் இது செயல்படாது. அப்போது விண்டோஸ் கீயுடன் பிரிண்ட் ஸ்கிரீன் கீயை அழுத்தினால் திரை முழுவதும் படமாக, பிக்சர்ஸ் போல்டரில் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற துணை போல்டரில் பதிவாகும்.

அடுத்து அகராதி. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட லாங்மேன், கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு லேனர்ஸ் அகராதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் முதலில் சிபாரிசு செய்வது லாங்மேன். 1978ல் முதல் பதிப்பு வந்தபோதே, ஏறத்தாழ 2,000 எளிய சொற்களை மட்டும் வைத்துப் பொருள் எழுதுவது என்ற கொள்கையுடன் வந்த அகராதி அது. ஒரு சொல்லுக்குப் பொருள் தேடப் போய், அந்தப் பொருளில் உள்ள நான்கு சொற்களுக்குப் பொருள் தேடும் அவதி இதில் குறைவு. ஸ்பீக்கர் படத்தில் கிளிக் செய்தால் உச்சரிப்பையும் கேட்கலாம். வேர்டில் டைப் செய்யும்போது, ஒரு சொல்லில் கர்சரை வைத்து ஷிப்ட் + எப்7 அழுத்தினால் அதற்கு இணையான சொற்கள் கிடைக்கும். ஆனால் இணைச்சொல் என்றாலே அப்படியே மாற்றிப் போடலாம் என்று எண்ண வேண்டாம். அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பார்த்த பின் பயன்படுத்தவும்.

ஏ.ஐ. அரட்டைத் தளங்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து ஐந்து எளிய வாக்கியங்கள் கேட்டாலும் கிடைக்கும். பயிற்சிக்கு நல்லது. பொருளை மட்டும் அகராதியில் சரி பார்த்துக் கொள்ளுங்கள்.

கர்சர் எங்கிருந்து ஓடி வந்தது?

கம்ப்யூட்டர் சொற்கள் கம்ப்யூட்டருக்கு மட்டும் உரியவை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்த பழைய சொற்கள். 'டிபால்ட்' என்றால் நாம் எதையும் மாற்றாதபோது கம்ப்யூட்டர் தானாக எடுத்துக் கொள்வது. வங்கியில் அதே சொல் கடன் தவணை கட்டத் தவறுவதைக் குறிக்கும். நாம் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் நேர்வது என்பதே இரண்டுக்கும் அடிப்படை. 'எக்ஸிக்யூட்' என்றால் புரோகிராமை இயக்குதல். நீதிமன்றச் செய்தியில் வந்தால் மரண தண்டனையை நிறைவேற்றுதல். 'வோலடைல்' என்பதற்கு லத்தீன் மொழியில் பறப்பது என்று பொருள். மின்சாரம் போனதும் ரேம் மெமரியில் உள்ளது பறந்து விடுவதால் அது வோலடைல் மெமரி. எளிதில் ஆவியாகும் திரவத்திற்கும், ஏறி இறங்கும் பங்குச் சந்தைக்கும் இதே சொல்தான். 'ரிடன்டன்ட்' என்றால் தேவைக்கு மேல் இருப்பது. டிஸ்க் ஒன்று கெட்டாலும் டேட்டா போகாமல் இருக்கக் கூடுதலாக வைக்கும் பிரதியைக் குறிக்கும்போது அது நல்ல சொல். இங்கிலாந்தில் ஒரு ஊழியரைப் பார்த்து அதையே சொன்னால் அவர் வேலை போயிற்று என்று அர்த்தம்.

எனக்கு மிகவும் பிடித்தது கர்சர். லத்தீனில் 'ஓடுபவன்' என்பது அதன் பொருள். திரையில் அங்குமிங்கும் ஓடுகிறதல்லவா? ஓடுதலைக் குறிக்கும் இந்த வேரைப் பிடித்துக் கொண்டால் ஒரு குடும்பமே பின்னால் வரும். கம்பியில் ஓடுவது 'கரண்ட்'. இப்போது ஓடிக் கொண்டிருக்கும் மாதமும் கரண்ட் மாதம்தான். கைக்குக் கை ஓடும் பணம் 'கரன்சி'. கடிதத்தை எடுத்துக் கொண்டு ஓடுபவர் 'கூரியர்'. மாதா மாதம் திரும்பத் திரும்ப வருவது 'ரெக்கரிங்'. தபால் அலுவலகத்தில் அம்மா கட்டும் ஆர்.டி.யில் உள்ள 'ஆர்' இதுதான். சேர்ந்து ஓடுவது 'கன்கரண்ட்'. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் நுழையும் இணையதளத்தைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் தினமும் இந்தச் சொல்லைச் சொல்வோம். செய்தித்தாளில் வரும் கன்கரண்ட் லிஸ்ட், மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்தே சட்டம் இயற்றக் கூடிய பொதுப்பட்டியல். 1976ஆம் ஆண்டின் 42வது அரசியலமைப்புத் திருத்தத்தில் கல்வி அங்கே மாற்றப்பட்டது. ஒரு வேர் தெரிந்தால் தபால் அலுவலகம் முதல் அரசியலமைப்புச் சட்டம் வரை போய் வரலாம்.

மறப்பதற்கு முன் கேட்கும் புரோகிராம்

சொற்களைச் சேர்ப்பது எளிது. ஒரு மாதம் கழித்து அந்த நோட்பேட் பைலைத் திறந்தால் பாதி மறந்திருக்கும். இது உங்கள் குறை அல்ல. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்காஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885ல் நூலாக வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரங்களில் வேகமாகவும், பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று கண்டார். அப்படியானால் மறக்கப் போகும் நேரத்தில் ஒரு முறை நினைவுபடுத்திவிட்டால், அடுத்த மறதி இன்னும் தள்ளிப் போகும். 1972ல் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் அட்டைப்பெட்டியும் காகித அட்டைகளும் வைத்து இதைச் செய்யக் கற்றுக் கொடுத்தார். 1987ல் போலந்தைச் சேர்ந்த பியோட்டர் வோஸ்னியாக் அந்த இடைவெளியைக் கம்ப்யூட்டரே கணக்கிட வழி செய்தார். அந்த வழியில் 2006ல் டேமியன் எல்ம்ஸ் உருவாக்கிய இலவச புரோகிராம்தான் 'ஆன்கி'. மனப்பாடம் என்பதற்கான ஜப்பானியச் சொல் அது.

இன்ஸ்டால் செய்து திறந்தவுடன் கீழே உள்ள கிரியேட் டெக் பட்டனை அழுத்தி, உங்கள் அட்டைக் கட்டுக்கு ஒரு பெயர் கொடுக்கவும். பின் மேலே உள்ள ஆட் என்பதில் கிளிக் செய்திடவும். பிரண்ட், பேக் என இரு கட்டங்கள் கிடைக்கும். பிரண்ட் கட்டத்தில் வெறும் சொல்லைப் போடாமல், நீங்கள் பிடித்து வைத்த வாக்கியத்தைப் போட்டு, சொல் இருக்கும் இடத்தில் கோடு இடுங்கள். பேக் கட்டத்தில் அந்தச் சொல்லையும், தமிழில் பொருளையும் எழுதுங்கள். என் தம்பி போட்ட முதல் அட்டை எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. அந்த மெயிலின் வரி அப்படியே இருக்கிறது.

படிக்கும்போது வாக்கியம் தோன்றும். விடையை மனதிற்குள் சொல்லிவிட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டவும். விடையுடன் அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி என நான்கு பட்டன்கள் வரும். மறந்து போயிருந்தால் தயங்காமல் அகெய்ன் அழுத்துங்கள். சிறிது நேரத்திலேயே மறுபடி கேட்கும். நினைவிருந்தால் குட். அந்தச் சொல் நாள், வாரம், மாதம் என்று தள்ளித் தள்ளி வரும்.

ஒரு எச்சரிக்கை. ஆன்கி தானாக நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் வரை தரும். உற்சாகத்தில் அப்படியே விட்டால் பழைய அட்டைகள் குவிந்து, மூன்றாம் வாரம் புரோகிராமைத் திறக்கவே பயமாக இருக்கும். டெக்கின் பெயருக்கு அருகில் உள்ள பல்சக்கர ஐகானில் கிளிக் செய்து, ஆப்ஷன்ஸ் சென்று, புதிய அட்டைகளின் எண்ணிக்கையை 5 ஆக மாற்றிவிடவும். ஆண்டுக்கு 1,825 சொற்கள். மழை, காய்ச்சல், கரண்ட் கட் எல்லாவற்றுக்கும் கழித்தாலும் ஆயிரத்திற்குக் குறையாது.

தினமும் ஒரு அரிய சொல்லை மெயிலில் பெற விரும்புவோருக்கு, அனு கார்க் 1994 முதல் நடத்தி வரும் 'எ வேர்ட் எ டே' இருக்கிறது. இந்தியாவில் பிறந்து அமெரிக்கா சென்ற கம்ப்யூட்டர் துறைக்காரர் அவர். சொற்களின் வரலாறு படிக்கச் சுவையானது. ஆனால் அது பாயசம். சாப்பாட்டுக்கு உங்கள் நோட்பேட் பைல்தான்.

ஆன்கியை ஆப்ஸ்.ஆன்கிவெப்.நெட் என்ற தளத்திலிருந்து டவுண்லோட் செய்திடலாம். இதே போன்ற பெயரில், இதனுடன் தொடர்பில்லாத வேறு அப்ளிகேஷன்களும் கட்டணத்துடன் உலவுகின்றன. ஆண்ட்ராய்ட் போனில் 'ஆன்கிட்ராய்ட்' என்ற பெயரைப் பார்த்து இன்ஸ்டால் செய்யுங்கள்; அது இலவசம். ஐபோனுக்கான 'ஆன்கிமொபைல்' மட்டும் பணம் கொடுத்து வாங்க வேண்டும். ஆன்கிவெப் தளத்தில் ஓர் அக்கவுண்ட் தொடங்கி சிங்க் பட்டனை அழுத்தினால், வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்ட அட்டைகளைப் பஸ்ஸில் போகும்போது போனில் படிக்கலாம்.