இன்சுலினைச் சிதைக்கும் துத்தநாகம்

மல்காஜ்கிரிக்கு அண்மையில், தார்நாக்காவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அமைந்துள்ளது. 1918ஆம் ஆண்டில் குன்னூரில் சிறியதோர் ஆராய்ச்சிக்கூடமாகத் தோன்றி, 1958இல் ஹைதராபாத்துக்கு மாறிய நிலையம் இது. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 17 மில்லிகிராமும் பெண்ணுக்கு 13.2 மில்லிகிராமும் துத்தநாகம் தேவை என்பது 2020இல் அது வகுத்த அளவு. இத்துணைச் சிறிய அளவு உலோகம் உடலில் ஆற்றும் பணிகள் பல. ஹார்மோன்களைச் சிதைப்பது அவற்றுள் ஒன்று.

ஹார்மோன், செய்தியைச் சொன்னவுடன் மறைய வேண்டிய தூதன். கணையம் சுரக்கும் இன்சுலின் நெடுநேரம் இரத்தத்தில் நின்றால் சர்க்கரை அளவு மீறிக் குறைந்து மயக்கம் நேரும். ஆகவே அதில் பாதி சுமார் 5 நிமிடங்களில் நீக்கப்படுகிறது. அதனைத் துண்டாக்கும் என்சைம் ஒன்று 1949இல் திசுச் சாற்றில் கண்டறியப்பட்டு, 'இன்சுலினேஸ்' எனப் பெயர் பெற்றது.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த இந்த என்சைமில், வெட்டும் இடத்தில் இருப்பது ஒரே ஒரு துத்தநாக அணு. இரண்டு ஹிஸ்டிடின்களும் ஒரு குளூட்டமிக் அமிலமும் அதைப் பற்றி நிற்கின்றன. அவ்வணு நீர் மூலக்கூறொன்றைத் தன்பால் ஈர்த்து வினைத்திறன் மிக்கதாக்குகிறது. அந்நீரே இன்சுலின் சங்கிலியின் பிணைப்பைத் தாக்கி அறுக்கிறது. துத்தநாகம் செலவாவதில்லை. உலோகத்தைக் கவர்ந்துகொள்ளும் இரசாயனப் பொருளைச் சேர்த்து அதனை அகற்றினால், என்சைம் செயலற்றுப்போகிறது.

விந்தை யாதெனில், கணையத்தில் ஆறு இன்சுலின் மூலக்கூறுகளை ஒன்றாகப் பிணைத்துச் சேமிப்பதும் இதே துத்தநாகமே! அட்ரினலினைச் செயலிழக்கச் செய்யும் என்சைம் ஒன்றுக்கோ மக்னீசியம் வேண்டும். எனினும் எல்லா என்சைம்களுக்கும் உலோகம் தேவை எனக் கொள்ளலாகாது. அட்ரினலினையே மாற்றும் மானோ அமைன் ஆக்சிடேஸ் உலோகமின்றி இயங்குகிறது.

"துத்தநாக மாத்திரை நீரிழிவைத் தீர்க்குமா?" என்று கிராமப் பணியாளரிடம் கேட்போர் உண்டு. இன்சுலினேஸின் பணி இன்சுலினை அழிப்பது. அதை விரைவுபடுத்துவதால் நோயாளிக்கு யாது பயன்? அன்றியும், மிகுதியான துத்தநாகத்தை நெடுநாள் உண்டால் உடல் செம்பை ஏற்பது குறையும். மருத்துவர் கூறாமல் இம்மாத்திரையை உண்பதும், அதை நம்பி இன்சுலின் ஊசியை நிறுத்துவதும் ஆபத்து.

உணவில் துத்தநாகம் இருந்தும் உடலில் சேராமைக்குத் தானியங்களிலுள்ள பைட்டிக் அமிலம் ஒரு காரணம். பயறு முளைக்கையிலும் இட்லி மாவு புளிக்கையிலும் அது குறைகிறது. இராஜேந்திரநகர் நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'டி.ஆர்.ஆர். தான் 45' நெல்லில், தீட்டிய அரிசியிலும் பத்து இலட்சத்தில் சுமார் 22 பங்கு துத்தநாகம் உள்ளது.