புள்ளிக்கு ஓர் அறை

செட்டிநாட்டு வீடு என்றதும் பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு என்று பொருள்களைத்தான் பட்டியலிடுகிறார்கள். காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) 1940கள் வரை கட்டிய இவ்வீடுகளில் உண்மையான புதுமை கட்டட அமைப்பில் இருக்கிறது. முகப்பு, வளவு எனும் முற்றக் கூடம், இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் வெளியேறலாம். வாசல்கள் நேர்கோட்டில் இருப்பதால் காற்று ஓடும். மழைநீர் முற்றத்தில் இறங்கும். அதெல்லாம் தெரிந்ததே. வளவைச் சுற்றி வரிசையாக நிற்கும் சிறிய அறைகளைக் கவனியுங்கள். இத்தனை பெரிய வீட்டில் அறைகளை மட்டும் ஏன் இவ்வளவு சுருக்கினார்கள்? மணமான மகனை 'வேறு வைப்பது' நகரத்தார் வழக்கம்: ஒரே கூரை, ஆனால் தனி உலை, தனிக் கணக்கு. மணமான ஒவ்வொரு ஆணும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை. சீர்ப் பாத்திரங்களும் இரவுத் தூக்கமும் அறைக்குள். மற்ற வாழ்க்கையெல்லாம் பொதுவான வளவில். செங்கல்லால் எழுதிய பங்குப் பத்திரம் என்றே இதைச் சொல்லலாம்.

வீடுகள் பாழானதற்கு, 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததால் அங்கே நகரத்தார் வட்டிக்கு விட்டிருந்த முதல் முடங்கியதைக் காரணமாகச் சொல்வார்கள். அது பாதிக் காரணம்தான். பிற்பாடு வேறு தொழில்களில் செழித்த குடும்பங்களின் வீடுகளும் பூட்டித்தானே கிடக்கின்றன? தலைமுறைக்குத் தலைமுறை புள்ளிகள் பெருகின, வளவு பெருகவில்லை. ஓடு மாற்றக்கூடச் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கும் பங்காளிகள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்திருக்கின்றனவே என்று கேட்கலாம். பிழைத்திருக்கின்றன, பங்காளிகள் ஒத்துப்போன இடத்தில்தான் அது நடக்கும். ஒத்துப்போகாத இடத்தில் இடிப்பதே எளிது. தூணையும் நிலையையும் காரைக்குடிப் பழம்பொருள் கடையில் விற்று வந்த பணத்தைப் பங்கு போடலாம், வளவைப் பங்கு போட முடியாது. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறின. அதன் பிறகும் பாதுகாப்பு என்றால் சுண்ணாம்புக் கலவையைப் பற்றியே பேசுகிறோம். கொத்தனாருக்கு முன் இங்கே தேவைப்படுபவர் வழக்கறிஞர்: வீட்டை அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றி, அறையின் உரிமையைப் புள்ளிகளிடமே விட்டுவைக்கும் ஒரு பத்திரம் எழுத.