பசை மிஞ்சினால் எஞ்சின் மிஞ்சாது!

சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் நெடுஞ்சாலையில், பாடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே இருக்கிறது மண்ணூர்பேட்டை. ஒரு புறம், 1960-களில் லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா முதலிய மோட்டார் உறுப்பு ஆலைகள் எழுந்த பாடி; மறு புறம், 1964-இல் தோன்றிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. இடையில் உள்ள ஊருக்கு கிரீஸ் வாசனை புதிதாக இருக்குமா, என்ன?

அங்கே ஒரு பட்டறைக்குப் பழைய அம்பாசிடர் ஒன்று வருவதாக வைத்துக்கொள்வோம். அந்தக் காரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆயினும் விற்க மனமில்லாத உரிமையாளர், கையிருப்பையெல்லாம் போட்டு எஞ்சினைப் புதுப்பிக்கிறார். போரிங் ஆயிற்று, பிஸ்டன், பேரிங் எல்லாம் புதிது. சில வாரங்கள் கார் குதிரையாய் ஓடுகிறது. பிறகு ஒரு நாள் ஆயில் பிரஷர் இறங்குகிறது. எஞ்சினுக்குள் 'கடகட'வென்று ஓசை!

அடியிலுள்ள ஆயில் சம்பைக் கழற்றினால் குற்றவாளி அகப்படுகிறான். ஆயில் பம்பின் வடிகட்டியில், ரப்பர்ப் புழுக்களைப் போல் சிலிகோன் பசைத் துணுக்குகள்! ஒழுகக் கூடாதே என்று தாராளமாகப் பிதுக்கிப் பூசிய பசைதான். போல்ட்டை இறுக்கியபோது வெளியே வழிந்ததைத் துடைத்தாயிற்று. உள்ளே வழிந்ததை யார் கண்டார்கள்? அது பிய்ந்து வடிகட்டியை அடைக்க, எண்ணெயின்றிப் பேரிங் தீய்ந்துவிட்டது. செலவு மறுபடியும் முதலிலிருந்து.

அரக்கும் சிலிகோனும்

கேஸ்கட்டைப் பட்டறைகளில் 'பாக்கிங்' என்பார்கள். உலோகத்தை எவ்வளவு வழவழப்பாகக் கடைந்தாலும் நுண்ணிய மேடு பள்ளம் இருந்தே தீரும். அதை நிரப்புவதே பாக்கிங்கின் வேலை. வால்வு மூடிக்குத் தக்கை, தண்ணீர்ப் பம்புக்குக் காகிதம், ஹெட்டுக்குச் செம்புத் தகட்டினிடையே கல்நார் என்பது அந்நாளைய வழக்கம். கல்நார்த் தூசி நுரையீரலுக்கு எமன். பழைய எஞ்சினில் அது இருந்தால் உலர்வாகச் சுரண்டி ஊதலாகாது. நனைத்தே எடுக்க வேண்டும். இன்று கிராபைட்டும் பல அடுக்கு எஃகுத் தகடும் அதன் இடத்துக்கு வந்துவிட்டன.

பாக்கிங்குக்குத் துணையாக முன்பு பூசியது, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. ஆம், வளையலுக்கும் முத்திரைக்கும் உதவிய அதே அரக்குதான்! பின்னர் வந்தது சிலிகோன். காற்றின் ஈரத்தைக் குடித்து ரப்பராக இறுகும். பெட்ரோல் பட்டால் ஊதிவிடும். ஆகவே கார்புரேட்டர் பக்கம் அதற்கு வேலையில்லை.

இதற்கு நேர் எதிர்க் குணமுள்ள பசையை 1950-களில் வெர்னான் கிரீபிள் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். காற்றுப் படும்வரை அது இறுகாது. இரண்டு உலோகங்களின் நெருக்கத்தில் சிக்கினால்தான் இறுகும். உள்ளே மிஞ்சுவது திரவமாகவே இருந்து எண்ணெயோடு போய்விடும். கடைந்த முகங்களுக்கு அருமையானது. வளைந்த தகட்டு மூடிக்கு உதவாது.

ஹெட்டில் கைவைக்காதீர்!

ஹெட் பாக்கிங்கின் கதை வேறு. அதன் ஒரு துளையில் 2,000 டிகிரிக்கு மேற்பட்ட நெருப்பு, அடுத்த துளையில் தண்ணீர், அதற்கடுத்து எண்ணெய். இங்கே பெரும்பாலும் பசையே கூடாது. சுத்தமாக, உலர்வாகப் பொருத்த வேண்டும். ஹெட்டின் முகத்தில் நேர்ச்சட்டத்தை வைத்து ஃபீலர் கேஜை நுழைத்தால் 0.1 மில்லிமீட்டர் தகடு போகிறதா? அப்படியானால் ஹெட் வளைந்துவிட்டது. கடைசலுக்கு அனுப்ப வேண்டியதுதான். எந்தப் பசையும் அதை நிமிர்த்தாது. போல்ட்டுகளையும் நடுவிலிருந்து வெளிப்புறமாக, சிறிது சிறிதாக, டார்க் ஸ்பானரால் முறுக்க வேண்டும். அவசரத்தில் ஓரத்திலிருந்து இறுக்கினால் சில நாளில் எண்ணெய் பால் காப்பியின் நிறத்துக்கு மாறிவிடும்.

சம்புக்குச் சிலிகோன் பூசுவதானால் இரண்டு மூன்று மில்லிமீட்டர்க் கனத்தில் ஒரு கோடு போதும். போல்ட் துளைகளுக்கு உட்புறமாகச் சுற்றி வரவேண்டும். அது முழுவதும் இறுக ஏறக்குறைய 24 மணி நேரமாகும். 'நாளைக்கு வாருங்கள், சார்' என்று மெக்கானிக் சொன்னால், அவர் சாக்குச் சொல்கிறார் என்று கோபித்துக்கொள்ளும் உரிமையாளர்களே அதிகம்.