கண்ணாடி கரைந்த கணக்கு

தண்ணீரின் வேலை – 8

சென்ற வாரம் உப்பு கரைவதைப் பார்த்தோம். உப்பின் மேல் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. கண்ணாடி அப்படியல்ல. அது நீரில் கரையும் என்பது வேறொரு வழக்கை விசாரிக்கப்போன இடத்தில்தான் கையும் களவுமாகப் பிடிபட்டது.

வழக்கு இது: தண்ணீர் மண்ணாக மாறுமா? மாறும் என்று நம்பியவர்கள் சாதாரண ஆட்களல்ல. பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் ஒரு வில்லோ மரக்கன்றைத் தொட்டியில் நட்டு, ஐந்து வருடம் நீர் மட்டும் ஊற்றினார். மரம் 164 பவுண்டு கூடியது. தொட்டி மண் இம்மியளவே குறைந்தது. ஆக, மரம் முழுக்கத் தண்ணீர் என்றார். இன்னொரு சான்று எல்லாச் சோதனைச்சாலையிலும் கிடைத்தது. வடித்துச் சுத்தம் செய்த நீரைக் கண்ணாடியில் நெடுநேரம் காய்ச்சினால் அடியில் வெள்ளைத் தூள் தங்கும்.

பாரிஸில் லவாய்சியே தூளை விட்டுவிட்டுத் தராசைப் பிடித்தார். அவர் எடுத்தது பெலிக்கன் என்ற கண்ணாடிப் பாத்திரம். ஆவி மேலே குளிர்ந்து, இரு பக்கக் குழாய்கள் வழியாகத் திரும்ப அடிக்கே இறங்கும். ஒரு சொட்டும் வெளியேறாது. பலமுறை வடித்த மழைநீரையும் காலிப் பாத்திரத்தையும் தனித்தனியே நிறுத்தார். 1768 அக்டோபர் 24-ல் சூடேற்றத் தொடங்கி, 101 நாள் விடவில்லை. நீரில் செதில் செதிலாக ஏதோ மிதக்கத் தொடங்கியது. முடிவில், மூடியபடியே நிறுத்தபோது மொத்த எடையில் மாற்றமில்லை. நெருப்பிலிருந்து எதுவும் உள்ளே வரவில்லை என்பது அதோடு தீர்ந்தது. நீரைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தை நிறுத்தார்: 17.4 கிரெயின் குறைந்திருந்தது, ஒரு கிராமுக்குச் சற்றுக் கீழே. நீரிலிருந்து கிடைத்த மண் 20.4 கிரெயின். மூன்று கிரெயின் இடிக்கிறது. இன்றைய ஆய்விதழ் நடுவர் அதை லேசில் விட்டிருக்க மாட்டார். ஆனால் முடிவு சரி: மண்ணாக மாறியது தண்ணீரல்ல, பாத்திரம். 1770-ல் இதை அவர் அறிவித்தார். ஸ்வீடனில் ஷீலே அந்தத் தூளையே பகுத்துப் பார்த்து, கண்ணாடியின் சரக்கு அதில் இருப்பதைக் கண்டார்.

கரைந்தது எப்படி? கண்ணாடியின் உடம்பு, சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறிப் பிணைந்த வலை. மணலை மட்டும் உருக்க 1,700 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும் என்பதால் சோடா சேர்க்கிறார்கள். அதன் சோடியம் அயனிகள் வலையின் இடுக்குகளில் தளர்வாக இருக்கும். தண்ணீர் முதலில் கைவைப்பது அவற்றின்மேல்தான். ஹைட்ரஜன் அயனி உள்ளே போகும், சோடியம் வெளியே வரும். இதில் வலை அறுவதில்லை, ஆனால் வெளியே நீர் காரமாகிறது. காரம் பிஎச் 9-ஐத் தாண்டினால் ஹைட்ராக்சைடு அயனிகள் வலையின் பிணைப்புகளையே வெட்டத் தொடங்கும். அறுபட்ட சிலிக்கான், சிலிசிக் அமிலமாக நீரோடு போய்விடும்.

இதைத் தடுக்கத்தான் கண்ணாடியில் சுண்ணாம்பு. அது இல்லாமல் மணலும் சோடாவும் மட்டும் உருக்கினால் கிடைப்பது சோடியம் சிலிகேட். ஆவி அழுத்தத்தில் அதை நீரிலேயே கரைத்து சோப்புக் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். லண்டனில் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674-ல் காப்புரிமை வாங்கிய தெளிவான கண்ணாடிக்கு இந்தக் காவல் போதவில்லை. மயிரிழை விரிசல் ஓடிக் கோப்பைகள் மங்கின. ஈய ஆக்சைடு சேர்த்துத்தான் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

ஜன்னல் கண்ணாடியை அடுக்கி வைக்கும் குடோன்களில் இந்தத் தொல்லை இன்றும் உண்டு. இரண்டு தகடுகளுக்கு நடுவே சிக்கிய ஈரம் காரத்தைச் சேர்த்துக்கொண்டே போய், கண்ணாடியை அரித்து வெண்திட்டாக்கும். அதற்காகவே நடுவில் லேசான அமிலத்தூள் தூவுவதுண்டு. மழையில் நனைந்து காயும் ஜன்னலுக்கு இந்தக் கதி இல்லை.

தேங்கிய நீரில் சேர்வது காரமாக இல்லாமல் சிலிக்காவாக இருந்தால் கதை தலைகீழ். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர், கண்ணாடி வடிவச் சிலிக்காவை ஏறக்குறைய 120 மில்லிகிராம்தான் தாங்கும். அந்த எல்லை நெருங்க நெருங்கக் கரைதல் தளரும். மேலே உண்டாகும் நீரேறிய படலமும் உள்ளே இருப்பதைக் காக்கும்.

அணுக்கழிவை போரோசிலிகேட் கண்ணாடியில் உருக்கி அடைப்பவர்கள் நம்பியிருப்பது இந்தத் தளர்ச்சியைத்தான். நம் நாட்டில் தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் ஆகிய இடங்களில் இதற்கான ஆலைகள் உண்டு. ஆயிரம் வருடத்துக்குப் பிறகு அந்தக் கண்ணாடி எப்படி இருக்கும் என்று சோதித்துப் பார்க்க யாருக்கும் ஆயுள் கிடையாது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதற்குக் கடலைக் கேட்டார்கள். எம்பியே தீவருகே மூழ்கிய ரோமானியக் கப்பலின் கண்ணாடிக் கட்டிகள் 1,800 வருடம் மத்தியதரைக் கடல்நீரில் கிடந்தவை. நீர் தாராளமாக உரசிய வெளிமுகம் நன்றாகவே மாறியிருந்தது. உள்ளே நுணுகிய விரிசல்களில் சேதம் மிகக் குறைவு. கரைந்த பொருளே திரும்பப் படிந்து பலவற்றை அடைத்திருந்தது.

பாறைக் கனிமங்களும் ஏறத்தாழ இதே வேதியியலில்தான் கரைகின்றன, வேகம் மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாது. லேசான அமில நீரில் ஒரு மில்லிமீட்டர் குவார்ட்ஸ் மணி முழுதும் கரைய 3.4 கோடி வருடம் ஆகும், அதே அளவு அனார்த்தைட்டுக்கு 112 வருடம் போதும் என்று 1984-ல் லசாகா கணக்குப் போட்டார். இவை சோதனைச்சாலை வேகத்தில் போட்ட கணக்கு. மலையிலும் மண்ணிலும் அளந்தால், கனிமங்கள் அதைவிட நூறு மடங்குக்கும் மேல் மெதுவாகக் கரைகின்றன. எங்கே இடிக்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.