விரிதாட் கணக்கும் ஒரு சத வேறுபாடும்

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் மொழி. அளத்தல், எண்ணல் என்னும் இரு தொழில்களையும் இக்காலத்தில் பெரும்பாலும் கணினியிடம் ஒப்புவித்துவிட்டோம். கையெழுத்துப் பேரேடு நிலவிய இடத்தில் நிரையும் நிரலுமாக விரியும் மின் விரிதாள் வந்து அமர்ந்துகொண்டது. 1979ஆம் ஆண்டில் டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கிய ‘விசிகல்க்’ தனியாட் கணினிக்குரிய முதல் விரிதாளாக வெளிவந்தது. 1985இல் ‘எக்செல்’ தோன்றிற்று. இன்று மூதூர்க் கமக்காரர் அமைப்பொன்றின் பொருளாளரும் கொழும்பிலே பெரிய வணிக நிலையமொன்றின் கணக்காளரும் ஒரே வகைக் கருவியையே கையாளுகின்றனர். இருவரையும் ஒரே சிக்கல் எதிர்கொள்ளுகின்றது. நிரலிலே காணும் எண்களைக் கையாற் கூட்டினால் ஒரு விடை வருகின்றது. அடியிலே விரிதாள் காட்டும் கூட்டுத்தொகையோ அதனின் வேறாக இருக்கின்றது. வேறுபாடு ஒரு சதமாக இருக்கலாம். இரண்டு சதமாக இருக்கலாம்.

இதனை அற்பமென்று தள்ளுவாரும் உளர். சதக் குற்றிகள் கைமாற்றத்தில் அருகிவிட்ட இக்காலத்தில் ஒரு சதத்துக்காகத் தலையை உடைப்பானேன் என அவர் வினவுவர். எனினும், கிராமத்துச் சங்கமொன்றின் கணக்கு வெறும் எண்களின் தொகுதியன்று. அஃது அயலவர் ஒருவர்மீது ஒருவர் வைத்த நம்பிக்கையின் பதிவாகும். கூட்டத்திலே படித்த அறிக்கையை அங்கத்தவர் ஒருவர் பென்சிலாற் கூட்டிப் பார்த்து, “ஒரு சதம் பிசகுகின்றதே” என்று கேட்டால், பொருளாளர் விளக்கம் சொல்லக் கூடியவராக இருத்தல் வேண்டும். விளக்கம் அறியாதவர் இருவகையாகத் தவறுவர். ஒருசாரார் அச்சதத்தைத் தேடி இரவுகளைக் கழிப்பர். மற்றொரு சாரார் கூட்டுத்தொகை நிற்கும் கலத்திலே சூத்திரத்தை அழித்துவிட்டு வேண்டிய எண்ணைக் கையால் எழுதி இரு பக்கங்களையும் பொருந்தச் செய்வர். பின்னையதே பெருங்கேடு. இன்று ஒரு சதத்தை மறைத்த அக்கை நாளை ஆயிரம் ரூபாய்ப் பிழையையும் தன்னையறியாமல் மறைத்துவிடும். ஆதலின் இவ்வேறுபாடு எவ்விடங்களிற் பிறக்கின்றது என்பதையும், அதனை எவ்வாறு ஒழுங்குபடுத்தலாம் என்பதையும் ஈண்டு நோக்குவாம்.

முதலாவது காரணம் தோற்றத்துக்கும் உள்ளிருப்புக்கும் உள்ள வேற்றுமை. விரிதாளின் கலம் ஒவ்வொன்றிலும் ஈரெண்கள் உள எனக் கொள்ளலாம்: உள்ளே நிற்பது ஒன்று, வெளியே தோன்றுவது மற்றொன்று. இரண்டு தசம தானங்களிற் காட்டுக என்று நாம் பணித்தால், கணினி தோற்றத்தை மாத்திரமே சுருக்குகின்றது. உள்ளிருக்கும் எண் மாறுவதில்லை. பெறுமதி சேர் வரி இலங்கையில் 2024 ஜனவரி 1 முதல் 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்த்தப்பட்டது. 125.35 ரூபாய் விலையுள்ள பொருள்கள் மூன்றுக்கு இவ்வரியைத் தனித்தனியே கணிப்போமாயின், ஒவ்வொன்றுக்கும் 22.563 வரும். திரையிலே 22.56 என மும்முறை தோன்றும். கண்ணுற்ற எண்களைக் கூட்டினால் 67.68, விரிதாளோ உள்ளிருக்கும் எண்களைக் கூட்டி 67.689 பெற்று, அதனை 67.69 எனக் காட்டும். இங்கே கணினியும் பிழைசெய்யவில்லை. கையாற் கூட்டியவரும் பிழைசெய்யவில்லை. இருவரும் வெவ்வேறு எண்களைக் கூட்டினர் என்பதே உண்மை.

இரண்டாவது காரணம் மட்டந்தட்டும் விதி. சரிபாதி வரும்போது மேலே தள்ளுவதா, கீழே விடுவதா? பாடசாலையில் நாம் கற்றது மேலே தள்ளும் முறை, 2.5 என்பது 3 ஆகும். எக்செல்லின் ‘ரவுண்ட்’ என்னும் சார்பும் நேர் எண்களில் அவ்வாறே செய்கின்றது. ஆனால் சரிபாதியை அண்மையிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுசெல்லும் வேறொரு முறையும் உண்டு. அதன்படி 2.5 என்பது 2 ஆகும்; 3.5 என்பது 4 ஆகும். பாதிகள் எல்லாம் ஒரே பக்கம் சாயாதிருத்தலே அதன் நோக்கம். எக்செல்லுக்குள்ளே நிரல் எழுதப் பயன்படும் விஷுவல் பேசிக் மொழியின் ‘ரவுண்ட்’ இம்முறையையே பின்பற்றுகின்றது. ஆகவே ஒரே கோவைக்குள்ளேயே பெயரொத்த சார்புகள் இரண்டு வெவ்வேறு விடை தருதல் கூடும்.

எப்பொழுதும் ஒரே பக்கம் சாய்தல் எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. கனடாவிலுள்ள வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் 1000 என்னும் அடியெண்ணோடு ஒரு சுட்டெண்ணைத் தொடங்கிற்று. ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான தடவை அது மீளக் கணிக்கப்பட்டது. ஒவ்வொரு தடவையும் மூன்று தசம தானங்களுக்கு அப்பாற்பட்டவை மட்டந்தட்டப்படாமல் வெட்டியெறியப்பட்டன. 1983 நவம்பரில் அச்சுட்டெண் 520 அளவுக்கு இறங்கி நின்றது. முறையைத் திருத்திக் கணித்தபோது உண்மையான பெறுமதி 1098ஐத் தாண்டிற்று. சிறு துளி பெருவெள்ளமாதல் இழப்பிலும் உண்டு.

மூன்றாவது காரணம் கணினி எண்களை எழுதிக்கொள்ளும் முறை. இதனை விளங்கிக்கொள்ளத் தமிழ்க் கணக்கே நமக்குத் துணைசெய்கின்றது. காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற பழைய நூல்களிலே பின்னங்கள் இரு குலத்தனவாக வருதலைக் காணலாம். அரை, கால், அரைக்கால், வீசம் என்பன ஒரு குலம். அவை முறையே 1/2, 1/4, 1/8, 1/16. இருமா, மா, காணி, முந்திரி என்பன மற்றொரு குலம். அவை முறையே 1/10, 1/20, 1/80, 1/320. முன்னைய குலம் இரண்டால் வகுத்து வகுத்துப் பெறப்படுவது. பின்னைய குலத்திலே ஐந்து என்னும் காரணி புகுந்துள்ளது. கணினி துவித எண்களால், அஃதாவது பூச்சியம், ஒன்று என்னும் இரண்டினால் மாத்திரம் எழுதுவது. அதற்கு முதற் குலம் முழுவதும் திருத்தமாகத் தெரியும். இரண்டாங் குலத்திலே ஒன்றேனும் திருத்தமாகத் தெரியாது. மூன்றிலொன்றைத் தசமத்தில் எழுதப் புகுந்தால் 0.333 என முடிவின்றி நீளுதல் போல, பத்திலொன்றைத் துவிதத்தில் எழுதப் புகுந்தாலும் முடிவின்றி நீளும். 1985இல் வகுக்கப்பட்டு இன்று கணினிகள் பெரும்பாலும் பின்பற்றும் நியமத்தின் வழக்கமான வடிவம், எண்ணொன்றின் பெறுமான இலக்கங்களுக்கு 53 துவித இடங்களே ஒதுக்குகின்றது. எஞ்சியது வெட்டுண்டு போகின்றது.

நம் நாணயமோ 1872 ஜனவரி 1 முதல் நூறு சதம் கொண்ட ரூபாயாக வழங்கி வருவது. ஆகவே 25, 50, 75 சதங்களைக் கணினி திருத்தமாக எழுதும். ரூபாயின் பின்னமாக வரும் மற்றைய சதங்கள் யாவும் அதற்கு அண்ணளவே. 0.5 இலிருந்து 0.4 ஐயும் பின்னர் 0.1 ஐயும் கழித்தால் பூச்சியம் வருதல் வேண்டும். துவிதக் கணிதத்திலோ, தசமப் புள்ளிக்குப் பின் பதினாறு பூச்சியங்களைக் கடந்து தொடங்கும் ஒரு மறை எண் எஞ்சுகின்றது. அஃது ஒரு சதத்தை ஆக்கமாட்டாது. எனினும் “மீதி பூச்சியமா?” என்று சூத்திரம் வினவும் இடத்தில் “அன்று” என்னும் விடையைத் தந்து, தீர்ந்த கடனைத் தீராததாகக் காட்டக்கூடும்.

நான்காவது காரணம் மாற்று வீதத்தை முன்னதாகவே சுருக்கிவிடுதல். மூதூர்ப் பகுதி வயல்களின் விளைச்சலைப் புசற் கணக்கிற் சொல்லும் வழக்கம் உண்டு. நெல் ஒரு புசல் 46 இறாத்தல் எனக் கொண்டால் அது 20.865 கிலோவுக்குச் சமம். வசதி கருதி 21 என எழுதி 500 புசலைப் பெருக்குவோமாயின் 10,500 கிலோ வரும். உண்மையான அளவு ஏறத்தாழ 10,433 கிலோ. வேறுபாடு 67 கிலோ; மூன்று புசலுக்கு மேற்பட்ட நெல். மட்டந்தட்டுதல் கணக்கின் முடிவில் நிகழ்ந்திருப்பின் வேறுபாடு ஒரு கிலோவைக்கூட எட்டியிராது.

இவற்றை அறிந்தபின் பரிகாரம் அரிதன்று. முதல் விதி: தொகையொன்று ஒருவர் மற்றொருவருக்குச் செலுத்தவேண்டிய பணமாக மாறும் இடத்தில், அவ்விடத்தில் மாத்திரமே, மட்டந்தட்டுதல் வேண்டும். தோற்றத்தைச் சுருக்குதல் போதாது. ‘ரவுண்ட்’ சார்பினால் உள்ளிருக்கும் எண்ணையே கிட்டிய சதத்துக்குக் கொண்டுவருதல் வேண்டும். அதற்கு முன்னுள்ள இடைக்கணிப்புகளை முழு நீளத்தில் விட்டுவிடல் தகும். விலைப்பட்டியலில் வரி வரிக்கு வரி கணிக்கப்படுமா, மொத்தத்தின்மீது கணிக்கப்படுமா என்பதை முன்னரே தீர்மானித்து, ஆண்டு முழுவதும் அதனையே கைக்கொள்ளல் வேண்டும். காட்டிய அளவையே உண்மை அளவாகக் கொள்ளுமாறு கோவை முழுவதற்கும் கட்டளையிடும் வசதி எக்செல்லில் உண்டு. அது வெட்டிய இலக்கங்கள் மீண்டும் வாரா; ஆகவே அதனைத் தொடாதிருத்தலே நன்று. மீதி பூச்சியமா என்று வினவும் இடத்திலும் முதலில் மட்டந்தட்டிய பின்னரே வினவுதல் வேண்டும்.

இரண்டாம் விதி பங்கீடு பற்றியது. கமக்காரர் மூவர் தம் நெல் மூடைகளை ஒரே லொறியில் ஏற்றி, கூலி 5,000 ரூபாயை மூடைக் கணக்கிற் பகிர்கின்றனர் எனக் கொள்வோம். மூடைகள் முறையே 7, 11, 13. பங்குகள் 1129.0323, 1774.1935, 2096.7742 என வரும். கிட்டிய சதத்துக்கு மட்டந்தட்டினால் 1129.03, 1774.19, 2096.77, கூட்டுத்தொகை 4999.99. ஒரு சதம் யாரிடத்துப் பெறுவது? வெட்டுண்ட பகுதி எவருக்குப் பெரிதோ அவரே செலுத்துக என்பது நியாயமான விதி. இங்கே மூன்றாமவர்க்கே அது பெரிது, அவர் 2096.78 செலுத்தக் கணக்கு நேராகும். இவ்விதி நமக்குப் புதியதன்று. பாராளுமன்றத் தேர்தலில் மூதூர், திருகோணமலை, சேருவில ஆகிய தொகுதிகளைக் கொண்ட நம் மாவட்டத்துக்கு நான்கு ஆசனங்கள் உள. ஒன்று முதலிடம் பெற்ற கட்சிக்கு மேலதிகமாகச் செல்ல, ஏனையவை விகிதப்படி பகிரப்படும். முழு எண்ணாகப் பங்கிட்டபின் எஞ்சும் ஆசனம் மிகப் பெரிய மீதி வாக்குடைய கட்சியைச் சேர்கின்றது. ஆசனத்துக்குப் பொருந்தும் நீதி சதத்துக்கும் பொருந்தும். “கடைசிப் பெயருக்கு எழுதிவிடு” என்னும் வழக்கம் எளிது. ஆனால் பட்டியலின் அடியில் எப்போதும் ஒருவரே நிற்பாராயின் பருவந்தோறும் அவரே இழப்பார்.

மூன்றாம் விதி சோதனை பற்றியது. வேறுபாடு கண்டவுடன் “மட்டந்தட்டலால் வந்தது” என்று அமைதல் ஆகாது. ஒவ்வொரு வரியும் அரைச் சதத்துக்கு மேல் பிசகாது. ஆகவே 40 வரியுள்ள பட்டியலில் வேறுபாடு 20 சதத்தைத் தாண்டுதல் இயலாது. கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் வழக்கமாக அது மிகச் சிறிதாகவே இருக்கும். வரிகளின் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து வர்க்கமூலம் கண்டால், இயல்பான அளவு சதத்திற் கிடைக்கும். 300 வரிகளுக்கு அஃது 5 சதம். அதன் இருமடங்கைத் தாண்டினால் ஐயுறல் வேண்டும். எல்லையை மீறிய வேறுபாடு ஒன்பதால் மீதியின்றி வகுபடுமாயின், இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டனவா என்று முதலிற் பார்த்தல் நலம், 1774.19 ஐ 1747.19 என எழுதியவர்க்கு 27 ரூபாய் பிசகும். எல்லைக்குள் அடங்கிய வேறுபாட்டையும் முற்றாக நம்பலாகாது. ஆயிரம் ரூபாய்க் குறைவு ஒன்றும் ஆயிரத்து ஒரு சத மிகை ஒன்றும் சேர்ந்து ஒரு சதமாகத் தோன்றுதல் கூடும். ஆதலின் வரிவரியாக ஒப்பிட்ட பின்னரே தீர்ப்புக் கூறல் வேண்டும்.

நான்காம் விதி: சோதனையின் பின்னும் எஞ்சும் சதத்துக்கு ஒரு பெயர் கொடுத்தல். ‘மட்டந்தட்டல் வேறுபாடு’ என ஒரு கணக்கைத் திறந்து, காரணத்தோடும் திகதியோடும் அதிற் பதிதல் வேண்டும். தொங்கற் கணக்கிலே இடுவது வேறு. அது காரணம் அறியாத பிசகுக்கு உரியது. ஆண்டிறுதியில் இக்கணக்கின் மீதி சில ரூபாய்க்கு மேற்போகாது. அன்றி, மாதந்தோறும் ஒரே பக்கம் வளர்ந்து வருமாயின், மட்டந்தட்டும் விதி எவரோ ஒருவர்க்குச் சாதகமாகச் சாய்ந்துள்ளது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

இவ்விதிகளை விரிதாளின் முதற் பக்கத்திலே நாலைந்து வரிகளில் எழுதிவைத்தல் ஒவ்வொரு பொருளாளர்க்கும் கடனாகும். சங்கப் பதவிகள் ஆண்டுக்காண்டு கைமாறுவன. கணக்கை அடுத்துப் பொறுப்பேற்பவரும், ஆராய வரும் கணக்காய்வாளரும், கூட்டத்திலே கேள்வி எழுப்பும் அங்கத்தவரும் அவ்வரிகளைக் கொண்டே தெளிவு பெறுவர். கணக்கியலும் கணினியியலும் கற்கும் நம் மாணவர் விடுமுறை நாள்களில் தத்தம் ஊர்ச் சங்கங்களின் விரிதாள்களை எடுத்து இவ்வாறு ஒழுங்குபடுத்திக் கொடுப்பாராயின், வகுப்பறையிற் பெற்ற கல்வி ஊருக்குப் பயன்பட்டதாகும். சதமொன்று வேறுபடுதலில் இழுக்கில்லை. அஃது ஏன் வேறுபட்டது என்று கேட்பவர்க்குச் சொல்ல மாட்டாமையே இழுக்கு.