ராம் எங்கே போகிறது?

கேம் விளையாட 16 ஜிபி ராமுடன் வாங்கிய கம்ப்யூட்டரில், எதையும் திறக்காமலேயே 12 ஜிபி செலவாகிறதா? உளுந்தூர்பேட்டையிலிருந்து விழுப்புரத்திற்குப் பஸ் ஏறி இன்னொரு ராம் வாங்கும் முன் இதைப் பாருங்கள்.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கவும். பெர்பார்மன்ஸ் பிரிவில் மெமரியைக் கிளிக் செய்தால் 'நான்-பேஜ்டு பூல்' என்று ஓர் அளவு தெரியும். இது விண்டோஸும் டிரைவர்களும் எடுத்துக் கொள்ளும் இடம். புரோகிராம் பட்டியலில் வராது. வழக்கமாகச் சில நூறு எம்பிதான். பல ஜிபி என்றால், ஏதோ ஒரு டிரைவர் வாங்கிய இடத்தைத் திருப்பித் தரவில்லை. விண்டோஸ் 8.1 காலத்தில் கில்லர் நெட்வொர்க் சிப் கொண்ட கேம் மதர்போர்டுகளில் இது நடந்தது. எனவே முதலில் நெட்வொர்க் டிரைவரைப் புதுப்பியுங்கள்.

பின் ரீஸ்டார்ட் செய்யவும். ஷட் டவுன் போதாது. பாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி பழைய நிலையையே சேமித்து வைத்துக் கொள்ளும். சில மணி நேரம் கழித்தும் எண் ஏறினால், அடுத்த டிரைவரைச் சந்தேகியுங்கள்.