வாடிப்போன தக்காளி: குற்றம் யாருடையது?



நேற்றுச் சாயங்காலம் பூவும் பிஞ்சுமாக நின்ற தக்காளிச் செடி, இன்று உச்சி வெயிலில் தலை தொங்கிப்போய் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இலை பழுக்கவில்லை, பூச்சி அரிக்கவில்லை. பச்சைப் பசேல் என்று இருக்கும்போதே துவண்டு விடுகிறது. பொழுது சாய்ந்ததும் கொஞ்சம் நிமிர்கிறது. மூன்றாம் நாள் எழுந்திருப்பதே இல்லை.

தங்கா பத்துப் பக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் தக்காளி போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. "கண்ணு பட்டுடுச்சு" என்பார் ஒருவர். "யாரோ சுடுதண்ணி ஊத்திட்டாங்க" என்பார் இன்னொருவர். இதற்காகப் பக்கத்து வீட்டாரோடு பேச்சை நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு.

நானும் அப்படிக் குற்றம் சாட்டியவள்தான். அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பு, பயிற்சி முடித்து வேலைக்கு வந்த புதிதில், பள்ளித் தோட்டத்தில் பன்னிரண்டு தக்காளிச் செடி வைத்தோம். தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவனிடம் கொடுத்தேன். ஒரே வாரத்தில் ஒன்பது செடி செத்தன. வகுப்பு முன்னால் அவனை நிற்க வைத்து, "உன்னை நம்பிக் கொடுத்தேனே!" என்று கடிந்துகொண்டேன். தோட்டக் குழுவிலிருந்தும் நீக்கினேன். அவன் வாய் திறக்கவில்லை. அடுத்த தடவை நானே காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். அந்தச் செடிகளும் அதே மாதிரிதான் செத்தன!

அதன் பிறகுதான் காரணத்தைத் தேடிப் படித்தேன். முதலிலேயே தேடியிருக்க வேண்டும்.

மண்ணுக்குள் இருக்கும் எதிரி

இதற்குப் பெயர் பாக்டீரியா வாடல் நோய். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி மண்ணில் வாழ்கிறது. அமெரிக்க அறிஞர் எர்வின் ஸ்மித் 1896-லேயே இதைப் பற்றி எழுதி வைத்தார். வேரில் சிறு காயம் இருந்தால் போதும், உள்ளே புகுந்துவிடும். தண்டில் தண்ணீர் ஏறும் குழாய்களில் பெருகி, வழியை அடைத்துவிடும். வேரடியில் ஈரம் இருந்தும் தலைக்குத் தண்ணீர் போய்ச் சேராது. அதனால்தான் செடி பச்சையாக இருக்கும்போதே வாடுகிறது.

இதைத் தெரியாமல் நாம் என்ன செய்கிறோம்? "தாகம் போலிருக்கிறது" என்று இன்னும் இரண்டு வாளி ஊற்றுகிறோம். அந்தத் தண்ணீரோடு கிருமி பக்கத்துச் செடிக்கும் போய்ச் சேருகிறது. சூடும் ஈரமும் உள்ள மண்ணில் அதற்குக் கொண்டாட்டம். நம் மலாக்கா மண்ணுக்கு இரண்டுமே உண்டு. கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றையும் அது தாக்கும். செடியே இல்லாமல் போட்டாலும் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நோய் கண்ட செடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது.

நோய் இதுதானா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு சாண் துண்டை வெட்டுங்கள். கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீர் ஊற்றி, வெட்டு முனை நீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெள்ளை இழைகள் கீழ்நோக்கி இறங்கினால் சந்தேகமே வேண்டாம். செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். கத்தியையும் மண்வெட்டியையும் கழுவிக் காயவையுங்கள்.

மலைக் காயும் நம் வெயிலும்

சிலர் வீட்டில் செடி சாகாது. ஆள் உயரம் வளரும், பூவும் பூக்கும். ஆனால் காய் மட்டும் இராது. இதற்குக் காரணம் வேறு. தக்காளி காய் பிடிக்க இரவு 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ச்சி இருந்தால் நல்லது. கேமரன் மலை ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே இது கூடிவருகிறது. நம் பக்கம் நடு இரவிலும் 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. பூவில் உள்ள மகரந்தம் சூட்டில் கெட்டு, பூ உதிர்ந்துவிடுகிறது. கடையில் வாங்கிய மலைத் தக்காளியைப் பிழிந்து விதை போட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஆகவே தாழ்நில வெயிலைத் தாங்கும் ரகமா என்று கேட்டு விதை வாங்குங்கள். 1969-ல் அமைக்கப்பட்ட மார்டி ஆராய்ச்சிக் கழகம் தாழ்நிலத்துக்கென்றே எம்.டி.1, எம்.டி.11 என்ற ரகங்களை உருவாக்கியது. அவை கிடைக்காவிட்டால், கோலிக்குண்டு போலக் காய்க்கும் சிறு தக்காளி வையுங்கள். பெரிய காய் ரகங்களைவிட அது சூட்டைத் தாங்கும். காலையில் பூங்கொத்தை விரலால் மெல்லத் தட்டிவிட்டால் காய்ப்பிடிப்புக் கூடும்.

தாத்தா கட்டிய ஒட்டு

சரி, மண்ணில் கிருமி இருக்கிறதே, அதற்கு என்ன வழி? கத்தரி வேரில் தக்காளித் தலையை ஒட்டிவிடுவதுதான் வழி! 1971-ல் தைவானில் தொடங்கப்பட்ட காய்கறி ஆராய்ச்சி நிலையம் இந்த முறையைப் பல நாடுகளுக்குக் கற்றுக்கொடுத்தது. கிருமி புகுவது வேர் வழியாகத்தானே? சில கத்தரி ரகங்களின் வேர் அதைத் தாங்கி நிற்கும். தண்ணீர் தேங்கும் மண்ணிலும் தக்காளி வேரைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும்.

இதைப் படித்துவிட்டு, நம்மால் ஆகுமா என்று தயங்கினேன். ரப்பர் நாற்றுமேடையில் வேலை செய்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ஆயிரக்கணக்கான ரப்பர் கன்னுக்கு ஒட்டுக் கட்டுன கைம்மா இது. கத்தரிக்குக் கட்டாதா?" என்றார். அவர் எங்களுக்குச் செய்து காட்டியது இதுதான்:

உங்கள் மண்ணில் மற்றவை வாடியபோதும் வாடாமல் நின்று காய்த்த கத்தரியிலிருந்து விதை எடுங்கள். எல்லாக் கத்தரியும் நோயைத் தாங்காது. கத்தரி மெல்ல வளரும். ஆகவே அதை ஒரு வாரம் முன்னதாகவே விதையுங்கள். இரண்டு நாற்றின் தண்டும் ஒரே பருமனானதும் பொழுது சாய்ந்த நேரத்தில் வேலையைத் தொடங்குங்கள். புது பிளேடால் கத்தரியை விதையிலைக்கு மேலே சரிவாக வெட்டுங்கள். தக்காளித் தலையையும் அதே சரிவில் வெட்டிப் பொருத்துங்கள். சைக்கிள் வால்வு டியூபில் சிறு துண்டு வெட்டி, ஒரு பக்கம் கீறி, மூட்டைச் சுற்றிப் போடுங்கள்.

பிறகு தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் பையால் மூடி நிழலில் வையுங்கள். நான்கு நாள் கழித்துப் பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறவுங்கள். இரண்டு வாரத்தில் நடலாம். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். புதைந்தால் தக்காளி தன் வேரை விட்டு நோயை வாங்கிக்கொள்ளும். கத்தரித் துளிர் கிளம்பினால் கிள்ளிவிடுங்கள்.

நாங்கள் முதலில் கட்டியது பத்து. ஆறு செத்தன, நான்கு பிழைத்தன. அந்த நான்கும் வாடவில்லை.

ஒட்டுக் கட்ட நேரமில்லாதவர்களுக்கு

பையில் வளருங்கள். செம்பனை நாற்றுக்குப் போடும் பெரிய கறுப்புப் பை, பெயிண்ட் டின், உடைந்த வாளி எதுவும் ஆகும். அடியில் துளை வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய் போடாத இடத்து மேல்மண் மூன்று பங்கு, மக்கிய எரு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். ஒரு பைக்கு ஒரு செடி போதும். நாளுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். வேரடியில் மட்டும், தினமும் ஒரே அளவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். காயவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் காயின் அடி கறுக்கும், பழம் வெடிக்கும். நட்ட இரண்டு இரண்டரை மாதத்தில் பழம் பறிக்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. களைக்கொல்லி வந்த டின்னையோ தொம்பையோ எத்தனை தடவை கழுவினாலும் காய்கறிக்கும் தண்ணீருக்கும் பயன்படுத்தாதீர்கள். பாராகுவாட் மருந்து நம் நாட்டில் 2020 சனவரி முதல் தடை செய்யப்பட்டது. பழைய டின்கள் எங்காவது மூலையில் கிடக்கலாம், பிள்ளைகளையும் நெருங்க விடாதீர்கள். அடுத்தது, பைக்கு அடியில் தட்டு வைத்தால் வாரத்துக்கு ஒரு தடவையாவது தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டிங்கிக் கொசுவுக்கு அந்தத் தண்ணீர் போதும்.

"நாலு செடியால் என்ன வந்துவிடும்?" என்று கேட்பீர்கள். உலகெங்கும் உணவு விலை ஏறியிருந்த 1974-ல், துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, காலி நிலத்திலும் வீட்டோரத்திலும் காய்கறி போடச் சொன்னார். பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மழைக்காலத்தில் விலை ஏறும்போது ரசத்துக்கும் சம்பலுக்கும் கை நீட்டிப் பறிக்க இரண்டு பழம் இருந்தால் அது வரவுதானே? தாளித்து வதக்கிய தக்காளியில் உள்ள சிவப்புச் சத்து உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? சென்ற ஆண்டு தன் மகளை முதலாம் ஆண்டில் சேர்க்க வந்திருந்தார். நான் நடந்ததைச் சொல்லி, "தப்பு என்னுடையதுப்பா" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு நாள் தண்ணி ஊத்த மறந்துட்டேன் டீச்சர். அதுலதான் செத்துச்சுன்னு இத்தனை வருசமா நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

ஒட்டுக் கட்டிய நாற்று இரண்டைக் கொடுத்து அனுப்பினேன். மகள்தான் தூக்கிக்கொண்டு போனாள்.

தாய்மார்களே, இனி உங்கள் தக்காளி வாடினால் பிள்ளையைத் திட்டாதீர்கள், அண்டை வீட்டாரை நினைக்காதீர்கள். தண்டை வெட்டி, குவளை நீரில் பிடித்துப் பாருங்கள். யார் குற்றம் என்பது சில நிமிடத்தில் தெரிந்துவிடும்.